பேஸுக்கு பிரீஆம்ப் பெடல் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்

பிரீஆம்ப் பெடல் என்பது, பேஸ் கிட்டாரின் சத்தம் ஆம்புக்கோ மிக்சருக்கோ போகும் முன்னால் அதைப் பலப்படுத்தி மாற்றுகிற, காலால் மிதிக்கும் பெட்டி. என் முதல் பெடலை வீடியோ பார்த்துத்தான் வாங்கினேன். ஹெட்போனில் கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாங்கின மூன்றாம் நாள் ஒரு கல்லூரி விழா. மேடையில் பேஸ் ஆம்ப் கிடையாது, ஓரத்தில் ஒரு டிஐ பெட்டி (பேஸை நேராக மிக்சருக்கு அனுப்பும் இணைப்புப் பெட்டி) மட்டும் கிடந்தது. பெடலை அதில் செருகினேன். கிளீனில், அதாவது உறுமல் சேர்க்காத சத்தத்தில், எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது பாட்டின் சரணத்தில், சத்தத்தை உறுமவைக்கும் டிஸ்டார்ஷனை மிதித்தேன். ஸ்பீக்கரிலிருந்து கொசு பேட்டில் கொசு மாட்டினதுபோல் ஒரு சத்தம். மிக்சர்காரர் என் லைனை அப்படியே இறக்கிவிட்டு மேடைக்குக் கீழே வந்து சொன்னார்: "தம்பி, உன் லைன்ல ஒயர் லூசு. பாட்டு முடியட்டும், மாத்தித் தர்றேன்."

ஒயரில் கோளாறு இல்லை. நான் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கின சத்தமே அதுதான். மிச்சப் பாட்டு பேஸ் இல்லாமலே முடிந்தது.

அதற்குப் பிறகு மூன்று பெடல் வாங்கி, இரண்டை விற்றுத்தான் விஷயம் பிடிபட்டது. கிளீனும் வேண்டும், டிஸ்டார்ஷனும் வேண்டும், இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிராண்ட் பட்டியலில் ஆரம்பிக்காதீர்கள், அது ஆறாவது வேலை.

1. ஒயரின் மறுமுனையைப் பாருங்கள்

நீங்கள் வாசிக்கிற இடத்தில் பெடலிலிருந்து கிளம்பும் ஒயர் எங்கே போகிறது? நேராக மிக்சருக்கா, பேஸ் ஆம்புக்கா, வீட்டில் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கா? முக்கால்வாசித் தேர்வு இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

பேஸ் ஆம்பின் ஸ்பீக்கர் பத்து, பன்னிரண்டு, பதினைந்து அங்குலம் என்று பெரிதாக இருக்கும். ட்வீட்டரை (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை) அணைத்துவிட்டால் நாலைந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதிலிருந்து பெரிதாக எதுவும் வராது. டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பெல்லாம் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. ஆம்ப் அதை வடிகட்டிவிடுகிறது, அதனால் காதுக்கு இதமாகக் கேட்கிறது. மேடை ஸ்பீக்கர் பாடகரின் குரலுக்காகச் செய்தது. மேலே இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் கொடுத்துவிடும். கொசு பேட் சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

லைட் மியூசிக் மேடை, சர்ச், கல்யாண மண்டபம் என்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் நேராக மிக்சருக்குத்தான் போவோம். அப்படியானால் பெடலில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் (நேராக மிக்சருக்குப் போகும் மூன்று முனை இணைப்பு). இரண்டு, ஸ்பீக்கர் பெட்டியின் வேலையைச் செய்யும் கேப் சிமுலேஷன். டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் போன்றவற்றில் இந்த வடிகட்டல் அனலாக் சர்க்யூட்டுக்குள்ளேயே இருக்கிறது. புதிய தலைமுறைப் பெடல்கள் சிலவற்றில் அதைக் கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வகை வடிகட்டலும் இல்லாத டிஸ்டார்ஷன் பெடலை எக்ஸ்எல்ஆர் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

சொந்த ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு கேப் சிமுலேஷன் அவசியமில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஆம்புக்குள்ளும் ஒரு பிரீஆம்ப் இருக்கிறது. பெடலை முன்பக்க இன்புட்டில் செருகினால் இரண்டு பிரீஆம்ப் ஒன்றன்மேல் ஒன்று ஏறி சத்தம் குழம்பும். ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் (ஆம்பின் பிரீஆம்பைத் தாண்டி உள்ளே போகும் இன்புட்) இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். எனக்கு அன்றைக்குத்தான் பெடலின் சொந்தக் குரலே கேட்டது.

வீட்டில் மட்டும் வாசிப்பவர் என்றால் ஹெட்போன் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

2. எத்தனை சத்தம் வேண்டும் என்று எண்ணுங்கள்

காகிதத்தில் எழுதுங்கள். ஒரு கச்சேரியில் உண்மையிலேயே எத்தனை விதமான பேஸ் சத்தம் வேண்டும்? நான் பத்து எழுதினேன். அடித்து அடித்து இரண்டில் வந்து நின்றது: கிளீன் ஒன்று, கொஞ்சம் உறுமும் டிஸ்டார்ஷன் ஒன்று.

இரண்டு சத்தம் வேண்டுமென்றால் காலால் மிதிக்கும் சுவிட்சும் இரண்டு வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே சுவிட்ச் இருக்கும் பெடலில் "டிஸ்டார்ஷன் வேண்டாம்" என்று மிதித்தால் டிஸ்டார்ஷன் மட்டும் போகாது. நீங்கள் ட்யூன் செய்து வைத்த ஈக்யூவும் (கீழ், நடு, மேல் ஒலிகளின் அளவு) லெவலும் சேர்ந்தே போய்விடும். மிச்சம் கிடைப்பது கிட்டாரின் பச்சைச் சத்தம். மிக்சர்காரர் ஒரு லெவலுக்குப் பழகியிருப்பார், நீங்கள் மிதித்ததும் வேறொரு லெவல் போகும். இரண்டு தடவை பொறுத்துக்கொள்வார், மூன்றாவது தடவை உங்களை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரின் வழக்கமான மாடலில் ஒரு சுவிட்ச்தான். அதை எப்போதும் ஆனிலேயே வைத்து ஒரே சத்தத்தில் வாசிப்பவர்களுக்கு அருமையான பெட்டி. அதே வரிசையில் மூன்று செட்டிங்கைச் சேமித்து வைக்கும் புரோகிராமபிள் மாடலும் உண்டு. எம்எக்ஸ்ஆர் எம்80-இல் கிளீனுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் தனித்தனி சுவிட்ச். டார்க்கிளாஸ் பி7கே-வையும் பி7கே அல்ட்ராவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அல்ட்ராவில்தான் ஈக்யூவை விட்டுவிட்டு டிஸ்டார்ஷனை மட்டும் அணைக்கும் இரண்டாவது சுவிட்ச் இருக்கிறது. ஆம்பெக் எஸ்சிஆர்-டிஐயிலும் பிரீஆம்ப் தனி, ஸ்க்ராம்ப்ளர் என்ற டிரைவ் (டிஸ்டார்ஷன்) தனி. கூடவே ஹெட்போன் அவுட்டும் பாட்டு ஓடவிட்டு வாசிக்க ஆக்ஸ் இன்புட்டும் தருகிறார்கள்.

3. பிளெண்ட் இல்லாமல் வாங்காதீர்கள்

நேரமில்லை என்றால் மற்றதைத் தாண்டிவிட்டு இதை மட்டுமாவது படியுங்கள்.

நாலு தந்தி பேஸின் அடி ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து தந்தியின் பி இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸ். இவ்வளவு கீழான சத்தத்தை அப்படியே டிஸ்டார்ஷனுக்குள் விட்டால் களிபோலக் குழையும். அதனால் நிறைய சர்க்யூட்டுகளில் டிஸ்டார்ஷனுக்கு முன்னாலேயே அடிச்சத்தத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் உறுமல் தெளிவாக வரும், ஆனால் கனம் போய்விடும். தனியாக வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது. கிக் டிரம்மும் கீபோர்டும் சேர்ந்ததும் "பேஸ் எங்கேப்பா?" என்று கேட்பார்கள்.

பிளெண்ட் நாபின் வேலை இங்கேதான். கிட்டாரிலிருந்து வரும் கிளீனை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பி, மற்றதை அப்படியே கொண்டுவந்து கடைசியில் கலக்கும். கனம் கிளீனிலிருந்து வரும், கடி டிஸ்டார்ஷனிலிருந்து வரும்.

ஆனால் நாப் இருந்தால் மட்டும் போதாது, அது ஒழுங்காகக் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடி ஈ தந்தியைத் தொடர்ந்து எட்டு எட்டாக அடித்துக்கொண்டே பிளெண்டைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முடிந்தால் நண்பரை நாபைத் திருப்பச் சொல்லுங்கள், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாதியில் எங்காவது வயிறு ஒட்டினதுபோல் சத்தம் மெலிந்து, அப்புறம் மறுபடி நிரம்பினால், கிளீனும் டிஸ்டார்ஷனும் ஃபேஸ் (ஒலி அலைகளின் ஏற்ற இறக்கம்) ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். அந்தப் பெடலை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நான் விற்ற இரண்டில் ஒன்று இந்தக் கோளாறு பிடித்ததுதான். ஆறு மாதம் என் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்தப் பெடலானாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்: ஈக்யூ எல்லாம் நடுவில், பிளெண்ட் கடிகாரத்தில் பதினோரு மணி, டிரைவ் ஒன்பது மணி. தனியாகக் கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பேண்டோடு சேர்ந்ததும் சரியாக இருக்கும். தனியாகக் கேட்டு மிரட்டலாக இருக்கிற அளவு டிரைவ் வைத்தால், பேண்டில் அது கிட்டார்காரரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சண்டை வரும், எனக்கு வந்திருக்கிறது.

4. கிளீன் உண்மையிலேயே கிளீனா?

டிஸ்டார்ஷனைக் கேட்டு மயங்கி வாங்குகிறோம், கச்சேரியில் பெரும்பாலான நேரம் வாசிப்பது கிளீனில். அதனால் கிளீனை முதலில் சோதியுங்கள்.

உங்கள் கிட்டாருக்குள் பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ் பேஸ். அதன் அவுட்புட் பலமாக இருக்கும். 9 வோல்ட் பெடல் சிலவற்றின் இன்புட் அதைத் தாங்காமல், நீங்கள் கேட்காத டிஸ்டார்ஷனைத் தானாகச் சேர்க்கும். கட்டை விரலால் ஓங்கி ஸ்லாப் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியின் உச்சியிலும் பொரிகிற சத்தம் வந்தால் இன்புட் திணறுகிறது. பேட் சுவிட்ச் (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பது) இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் கிட்டாரில் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் பொரிந்தால் அந்தப் பெடல் உங்கள் கிட்டாருக்கு இல்லை.

ஈக்யூவில் மிட் (நடு ஒலி) நாப் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் மிட் கிடையாது. பின்னால் வந்த வி2-வில் மிட் வந்தது, அதை 500 அல்லது 1000 ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளும் சுவிட்சும் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எது என்று படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். படுக்கையறையில் மிட்டைக் குறைத்து, பேஸும் டிரெபிளும் ஏற்றினால் சத்தம் பளபளவென்று இருக்கும். மேடையில் அதே செட்டிங்கில் நீங்கள் காணாமல் போவீர்கள். பேண்டுக்குள் பேஸ் கேட்பது மிட்டால்தான்.

5. கரண்ட் விஷயம்

சின்ன விஷயம்தான். இதில்தான் பெடல் செத்துப்போகிறது.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் ரவுட்டர் அடாப்டர், செட் டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் வழக்கமாக நடுமுனை பாசிட்டிவ். பின் அளவு பொருந்துகிறது என்று செருகிவிடாதீர்கள். அடாப்டரின் மேல் ஒரு சின்னப் படம் இருக்கும்: இரண்டு பக்கமும் வட்டம், நடுவில் புள்ளி. புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறிக்குப் போக வேண்டும்.

மில்லி ஆம்பியர் கணக்கையும் பாருங்கள். அடாப்டரில் எழுதியிருப்பது பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. டிஜிட்டல் வேலை செய்யும் பெடல்கள் அனலாக் பெடலைவிடப் பல மடங்கு இழுக்கும். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலைக் கோத்துவிட்டு "இரைச்சல் வருகிறது" என்று பெடலைக் குறை சொல்லாதீர்கள். பிரீஆம்புக்குத் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து யாராவது பெடல் கொண்டுவந்தால் கூடவே வரும் அடாப்டரைப் பிளக் மாற்றி மாட்டாதீர்கள். "100–240" என்று எழுதியிருந்தால் சரி. "120" என்று மட்டும் இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் புகைந்துவிடும்.

எம்80, சான்ஸ்ஆம்ப் போன்ற சில பெடல்கள் மிக்சரிலிருந்து எக்ஸ்எல்ஆர் வழியாக வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரிலேயே ஓடும். ஆனாலும் பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டு வையுங்கள். சில மண்டபங்களில் பழைய மிக்சர் இருக்கும், ஃபேன்டமே இருக்காது.

6. காசுக் கணக்கு

மூன்று தட்டு இருக்கிறது.

அடித்தட்டில் பெரிங்கர் பிடிஐ21. மூவாயிரம் நாலாயிரத்தில் கிடைக்கும். சான்ஸ்ஆம்ப் வழியில் செய்தது: எக்ஸ்எல்ஆர் உண்டு, பிளெண்ட் உண்டு, மிட் இல்லை, சுவிட்ச் ஒன்று. உடல் பிளாஸ்டிக், அதனால் ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆனால் முதல் பெடலுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு வருடம் இதில் வாசித்தால் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும். அப்புறம் வாங்குகிற விலை உயர்ந்த பெடல் சரியானதாக இருக்கும். நான் இதை நேர்மாறாகச் செய்தேன்.

நடுத்தட்டில் எம்80, சான்ஸ்ஆம்ப், ஆம்பெக் எல்லாம். அமெரிக்காவில் தோராயமாக 200 முதல் 300 டாலர். இங்கே வரும்போது வரியும் லாபமும் சேரும். பி7கே அல்ட்ரா போன்றவை மேல்தட்டு. அது நவீன ராக், மெட்டல் உறுமலுக்குப் பேர்போனது. சர்ச்சில் பாட்டுக்கு வாசிப்பவர் அதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

பெடல் விலையோடு கணக்கு முடியாது. நல்ல அடாப்டர், ஒரு ஆறு மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள், இன்னொரு கிட்டார் கேபிள், வைக்க ஒரு பை. எனக்கு இதற்கே மூவாயிரத்துக்கு மேல் ஆனது. பட்ஜெட் பதினைந்து என்றால் பன்னிரண்டுக்குப் பெடல் தேடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல வழிதான். பிரீஆம்ப் எளிதில் தேயாத பொருள். நேரில் போங்கள். எல்லா நாபையும் திருப்பிக் கரகரக்கிறதா என்று கேளுங்கள், ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள், எக்ஸ்எல்ஆர் அவுட்டையும் மிக்சரில் செருகிச் சோதியுங்கள். நிறையப் பேர் சாதாரண அவுட்டை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடுகிறார்கள். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சீரியல் எண் பில்லிலும் பெடலின் அடியிலும் ஒன்றா என்று பாருங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

இங்கே கிடைக்கவில்லை என்று வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டால், சுங்க வரி பெடல் விலைக்கு மட்டும் இல்லை. கூரியர் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி வருகிற தொகைக்கு. அதற்கு மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). விகிதம் பட்ஜெட்டில் மாறும், ஆர்டர் போடுகிற வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். "கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல், வரி வராது" என்று யோசனை சொல்வார்கள். அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் பெட்டி சுங்கத்திலேயே நின்றுவிடும்.

ஆதார் அல்லது பான், கடையின் இன்வாய்ஸ், நீங்கள் பணம் கட்டினதற்கான வங்கி ஆதாரம், பெடலின் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தயாராக இருக்கட்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் இறக்குமதி உரிம எண் தேவையில்லை.

என் பெட்டி இதில் எட்டு நாள் தூங்கியது. காரணம் என் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால் ஒற்றை எழுத்து; ஆர்டரில் அந்த வெளிநாட்டுக் கடை கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் அப்பா பெயரை முழுசாகப் பின்னால் போட்டிருந்தேன். இருவரும் ஒரே ஆள்தான் என்று கூரியர் அலுவலகத்துக்கு நாலு மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆர்டரிலும் போடுங்கள். கச்சேரித் தேதி இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

8. கடையில் இருபது நிமிடம்

உங்கள் சொந்த கிட்டாரை எடுத்துப் போங்கள். கடையில் மாட்டியிருக்கும் விலையுயர்ந்த பேஸில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும். ஆம்பில் மட்டும் கேட்காதீர்கள், "அண்ணே, ஒரு தடவை மிக்சர்ல நேரா போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். முதலில் கிளீன், அப்புறம் பிளெண்ட் சோதனை. அப்புறம் கிளீனையும் டிஸ்டார்ஷனையும் மாற்றி மாற்றி மிதித்து, இரண்டையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். டிஸ்டார்ஷனுக்குத் தனி லெவல் நாப் இல்லாத பெடலில் இது தலைவலி. வாசிக்காமல் நிறுத்தி, டிரைவை ஏற்றி, இரைச்சலைக் கேளுங்கள். முடிந்தால் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் தருவார்களா என்று பில் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் உண்மையான சோதனை ரிகர்சலில், டிரம்மர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான்.

9. முதல் மேடை

சவுண்ட் செக்குக்கு முன்னால் மிக்சர்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, ரெண்டு சவுண்ட் இருக்கு. ரெண்டாவது கொஞ்சம் உறுமும், அது கோளாறு இல்ல." இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

உம் என்று இரைச்சல் வந்தால் பெடலில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிப்பது) தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். எக்ஸ்எல்ஆரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் லைனை மியூட் செய்யச் சொல்லுங்கள். ஃபேன்டம் ஆனில் இருக்கும்போது பிடுங்கினால் ஸ்பீக்கரில் வெடி வெடித்ததுபோல் கேட்கும், முன்வரிசையில் குழந்தைகள் அழும்.

லெவல் எல்லாம் சரியானதும் நாபுகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் யாராவது ஒருவர் மைக் ஒயரை இழுத்துக்கொண்டு பெடல் மேல் நடப்பார், நாப் நகர்ந்துவிடும். நான் தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு நாபின் ஓரத்திலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பாட்டில் இன்னும் அவளிடம் திரும்பிப் போகவில்லை.